குடிக்காதவரின் கல்லீரல்

டிக்கெட் எடுக்காமல் வருகிறவரைப் பிடிக்க வேண்டுமென்றால் முகத்தைப் பார்க்காதே, காலைப் பார் என்பார் செக்கரம்மா. நாங்கள் முன்வாசல் வழியாக ஏறியதும் எந்தக் கால் அவசரமாகச் செருப்பைத் தேடுகிறதோ, எந்தக் கால் பின்வாசல் பக்கம் திரும்புகிறதோ, அந்த ஆளிடம் நேராகப் போய் நிற்பார். "எங்க, காட்டுங்க பார்ப்போம்" என்பார். அவ்வளவுதான். மிச்சத்தை அந்த ஆளே சொல்லிவிடுவார்.

அவருடன் ஜோடியாகப் பல வருஷம் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியவன் நான். எங்கள் பணிமனையில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். டிக்கெட் செக்கர் என்பதால் எல்லோருக்கும் செக்கரம்மா, எனக்கு அக்கா. சந்தேகப்படும் குணம் இந்த வேலையால் வந்ததா, அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்களா என்று பணிமனையில் ஒரு வழக்கு தீராமல் ஓடிக்கொண்டிருந்தது. காய்கறி வாங்கப் போனால் தராசுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். மருந்துக்கடையில் அட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பார், பிறகு வெளிச்சத்துக்கு வந்து இன்னொரு தரம் பார்ப்பார்.

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையையும் அப்படித்தான் சோதித்தார். மாப்பிள்ளை ஒரு பட்டறையில் வண்டிக் கவர் செய்கிறவர் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அக்கா யாரிடமும் சொல்லாமல், கவர் வாங்க வந்தவர் போல அந்தப் பட்டறைக்குப் போனார். அங்கே ஒரே மேஜையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கூரையைத் தொடுகிற உயரம், எல்லோரும் அவரை நெட்டை என்றே கூப்பிட்டார்கள். இன்னொருவர்தான் மாப்பிள்ளை. அக்கா கால்மணி நேரம் விலை பேசினார். கடைசியில் மாப்பிள்ளை தலையைத் தூக்கி, "வண்டி என்ன வண்டின்னு சொல்லல, அளவும் சொல்லல. வந்ததிலிருந்து என் கையையே பார்த்துட்டிருக்கீங்க. பரவாயில்லயா, பிடிச்சிருக்கா?" என்று கேட்டாராம். நெட்டை வாய்விட்டுச் சிரித்து, "அளவு எடுத்துட்டாங்கடா உன்னை!" என்றாராம். தன்னை ஒருவர் கையும் களவுமாகப் பிடித்தது அந்த ஒரு தடவைதான் என்பார் அக்கா. அதனாலேயே சம்மதித்ததாகவும் சொல்வார்.

பிறகு அந்தப் பட்டறை மூடப்பட்டது. நெட்டை ஊரின் மறுகோடியில் தனியாகத் தொழில் தொடங்கினார். அக்காவின் கணவர் ஒரு பழைய ஒட்டுமெஷினை வாங்கி வந்து வீட்டு முன்னறையில் போட்டார். அக்கம்பக்கத்தில் அவருக்குக் கவர்காரர் என்ற பெயர் நிலைத்தது. வண்டிக் கவர், மழைக்கோட்டு, மேஜை விரிப்பு எல்லாம் செய்வார். மெத்தென்ற பிளாஸ்டிக் தாளை அளவுக்கு வெட்டி, இரண்டு விளிம்பை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மெஷினின் பித்தளைப் பட்டையை மிதித்து இறக்கினால் சூட்டில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சூடு கொஞ்சம் தூக்கலாகிவிட்டால் விளிம்பு கருகி, மூக்கைக் கிள்ளுகிற புகை கிளம்பும். அவர் கையால் விசிறிவிட்டு அடுத்த விளிம்புக்குப் போவார்.

அந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். வாசலில் கால் வைத்ததும் புதுக் குடை விற்கிற கடைக்குள் நுழைந்தது போல வாசனை வரும். அக்காவுக்கு அது பிடிக்கும். மகள் பிறந்தபோது தொட்டில் போட்டதும் அந்த அறையில்தான், மெஷின் சத்தம் நின்றால்தான் குழந்தை விழித்துக்கொள்ளும் என்பார். வெட்டி மிஞ்சிய துண்டுகள் அலமாரித் தட்டுக்கும் மகளின் பாடப்புத்தகத்துக்கும் போயின. சமையலறையில் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் டப்பாக்கள். சூடாக இறக்கியது அப்படியே டப்பாவுக்குள் போகும், மூடி எகிறாமல் அழுத்தி மூடி கணவருக்கு ஒன்று, தனக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று.

சங்கடம் ஆரம்பித்ததே அந்த டப்பாக்களில்தான்.

முதலில் ஒரு மூடி காணோம். பிறகு ஒரு டப்பா. பிறகு மகளின் தண்ணீர் பாட்டில். கேட்டால், "கை தவறிடுச்சும்மா, உடைஞ்சுபோச்சு" என்றார் கவர்காரர்.

"கீழ போட்டா குதிக்கிற டப்பா அது. எப்படி உடைஞ்சுது?" என்றார் அக்கா.

அவர் சிரித்து மழுப்பினார். மறுநாள் மேஜைமேல் எவர்சில்வர் டப்பா ஒன்று புதிதாக உட்கார்ந்திருந்தது. அடுத்த மாதம் முன்னறையில் வெளிச்சம் போதவில்லை என்று சொல்லி மெஷினைப் பின்பக்கக் கொட்டகைக்கு மாற்றினார். மகள் அங்கே போய் நின்றால், "உள்ள போம்மா, சத்தம் அதிகமா இருக்கு" என்று விரட்டினார். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கிய பெண் அவள்! அதோடு வாரத்தில் ஒரு மத்தியானம், சரக்கு வாங்கப் போகிறேன் என்று கிளம்பிப் போய் வெறுங்கையோடு திரும்பினார்.

"ஏதோ ஒண்ணு இருக்குடா. மனுஷன் என்னவோ மறைக்கிறார்" என்றார் அக்கா என்னிடம், ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவில்.

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. இரண்டு மாதம் கழித்து கவர்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சட்டை தொளதொளத்தது. வலது விலாவுக்குக் கீழே யாரோ விரலை வைத்து அழுத்துவது போல இருக்கிறது என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் கட்டி.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?"

"பழக்கமே இல்லீங்க" என்றார் கவர்காரர்.

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார். நாங்கள் பஸ்ஸில், டிக்கெட் தொலைந்துபோச்சு என்கிறவரை விட்டுவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்ப்போமே, அதே பார்வை. அந்தப் பார்வை தன்மேல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்றார் அக்கா. பெரிய ஆஸ்பத்திரியில் கல்லீரல் டாக்டரைப் பார்க்கச் சொல்லித் தேதி கொடுத்து அனுப்பினார்கள்.

விஷயம் பரவியது. கொழுந்தன் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணி, அண்ணனை இப்பவாவது உண்மையைச் சொல்லச் சொல்லுங்க. மறைச்சா வைத்தியம் எப்படிப் பிடிக்கும்?"

"அவர் குடிச்சு நீங்க பார்த்திருக்கீங்களா?"

"பார்க்கல. பார்க்காத மாதிரி குடிக்கிறவங்க எத்தனை பேர் இருக்காங்க!"

நாத்தனார் போனில் அழுதுகொண்டே அதையேதான் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் உச்சுக்கொட்டிய விதத்தில் ஒரு பாட்டில் இருந்தது. அக்கா எல்லோரிடமும் கணவருக்காகச் சண்டை போட்டார். சண்டை போட்டுவிட்டு உள்ளே போய், அழுக்குக் கூடையிலிருந்து அவர் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தார். மெஷினுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். பிளாஸ்டிக் சுருள்களின் நடுக்குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். சந்தேகத்துக்குப் புருஷன், பிள்ளை என்றெல்லாம் தெரியாது.

ஒருநாள் மத்தியானம் பணிமனை வாசலில் என் கையைப் பிடித்து இழுத்தார். சீருடையில் இல்லை. "வா, ஒரு ஆளைப் பிடிக்கணும்."

ஏதோ வேலை விஷயம் என்று நினைத்து ஓடினேன். பின்வாசலில் ஏறி, கூட்டத்துக்கு நடுவில் என்னை முன்னால் நிறுத்தி, என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். முன்னால் எட்டிப் பார்த்தேன். ஜன்னலோரம் கவர்காரர், மடியில் பழப்பையுடன்.

"அக்கா, அத்தான் ஒழுங்கா டிக்கெட் எடுத்துட்டார்" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா? எங்க இறங்குறார்னு பாரு."

கடைசி நிறுத்தத்துக்கு முந்தியதில் இறங்கினார். சின்னச் சின்ன ஓட்டு வீடுகள் இருந்த தெருவில் நடந்து, நீலக் கதவு போட்ட ஒரு வீட்டின் முன் நின்றார். கதவைத் திறந்தது ஒரு பெண். நடுத்தர வயது, கலைந்த தலை. சிரித்தபடி பையை வாங்கிக்கொண்டு அவரை உள்ளே விட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. பாட்டிலைத் தேடி வந்தவருக்கு இப்படி ஒன்று கிடைத்தால் என்ன சொல்வது? எதிர்க் கடையில் நின்று ஒரு டீ சொன்னோம். அது ஆறும்வரை அக்கா கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நேராகப் போய்த் தட்டினார். "எங்க, காட்டுங்க பார்ப்போம்" என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

அந்தப் பெண் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரே அறை. கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார், நீட்டிய கால்கள் பலகைக்கு வெளியே தொங்கின. அவ்வளவு உயரமான ஆள். கண்ணின் வெள்ளை மஞ்சளாகி, கை குச்சியாகி, வயிறு மட்டும் உப்பியிருந்தது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கவர்காரர் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

நெட்டைதான் முதலில் பேசினார். "பாருடா, அளவெடுக்க வந்துட்டாங்க."

அக்கா சிரிக்கவில்லை. "எவ்வளவு நாளா அண்ணா இப்படி?"

"போன வருஷத்திலிருந்து. இவருக்கும் கல்லீரல்தான்" என்றாள் நெட்டையின் மனைவி.

"எனக்குக் குடின்னு சொல்லி முடிச்சுட்டாங்க" என்றார் நெட்டை. "சரி, குடிச்சேன். இல்லைன்னு சொல்லல. அதுக்கு மேல ஒரு டாக்டரும் என்னை ஒரு கேள்வி கேட்கல. ஆனா இவன் என்ன குடிச்சான்? ஒரே மேஜைல எதிரெதிர உட்கார்ந்து நான் இழுத்த புகையைத்தான் இவனும் இழுத்தான்."

கவர்காரர் உரித்த பழத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்திருந்தார்.

"அப்போ அந்த டப்பாவெல்லாம்?" என்று கேட்டார் அக்கா.

"நான்தான் தூக்கிப் போட்டேன்."

"மெஷினைப் பின்னால மாத்தினது?"

"அதுவும் அதுக்குத்தான்." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இவனைப் பார்த்ததிலிருந்து எனக்கு அந்த வாசனையே ஆகல. தாள் மெத்துன்னு இருக்கணும்னு அதுல எண்ணெய் மாதிரி என்னவோ சேர்ப்பாங்க. வெயில்ல வச்சா கையில ஒட்டும். ஒருநாள் சூடா இருந்த டப்பாவைத் திறந்தேன், அதே வாசனை. எது என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா மனசு கேட்கல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அன்னிக்கே மெஷினைத் தெருவுல வச்சிருப்ப. எனக்கு வேற என்ன வேலை தெரியும்? அதுவும் போக..." அவர் நிறுத்தினார். "பிள்ளையை அந்த ரூம்லதானே போட்டு வளர்த்தோம். அதை எப்படி உன்கிட்ட சொல்றது?"

அக்கா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். கணவர் குடிக்கவில்லை, வேறு பெண்ணும் இல்லை என்று தெரிந்தும் அவருக்கு நிம்மதி வரவில்லை. அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று அந்த ஸ்டூலிலிருந்து எழுந்து அவர் மடியில் உட்கார்ந்துகொண்டது.

பெரிய ஆஸ்பத்திரியின் கல்லீரல் டாக்டர் ஒரு பெண்மணி. இவர் பொறுமைசாலி. குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார், மஞ்சள் காமாலை வந்ததா, சர்க்கரை நோய் உண்டா என்று கேட்டார், குடும்பத்தில் யாருக்காவது வந்திருக்கிறதா என்று கேட்டார். ரத்தத்தில் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. கல்லீரலில் கொழுப்பு கொஞ்சம் இருந்தது, ஆனால் இந்த வயதில் பலருக்கும் இருக்கிற அளவுதான். கடைசியில், "என்ன தொழில் பண்றீங்க?" என்றார். கவர்காரர் சொல்லச் சொல்ல டாக்டரின் பேனா நின்றுவிட்டது. அக்கா அந்தப் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"அப்போ அதுதானா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கிற ரசாயனம் சிலது எலிக்குக் கொடுத்துப் பார்த்தப்போ கல்லீரல்ல கட்டி வந்திருக்கு. மனுஷங்க விஷயத்துல சந்தேகம் இருக்கு, ஆராய்ச்சி நடக்குது, முடிவா ஒண்ணும் தெரியல. சாப்பாட்டு வழியா, மூச்சு வழியா எல்லார் உடம்புலயும் கொஞ்சம் போகுது. எல்லாருக்கும் இது வர்றதில்லை. உங்க வீட்டுக்காரர் கட்டியைப் பார்த்து, இன்னதுதான் செஞ்சதுன்னு யாராலயும் விரல் நீட்ட முடியாது."

"பஸ்ல ஒரு ஆள் டிக்கெட் எடுக்கலன்னா நான் பிடிச்சுடுவேன். நீங்க இவ்வளவு படிச்சுட்டு, யாருன்னு தெரியலங்கறீங்க."

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. "உங்க பஸ்ல ஒருத்தர்தான் டிக்கெட் எடுக்கல. இங்க காரணமா இருக்கக்கூடியது ஒரு பஸ் கூட்டமே நிக்குது. யார் எடுத்தாங்க, யார் எடுக்கலன்னு பார்க்க இந்த பஸ்ல டிக்கெட்டே கொடுக்கறதில்லை." பிறகு அக்காவின் சீருடைச் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த மெஷின் டிக்கெட்டுகளைப் பார்த்தார். "இந்த வழவழப்பான தாள்ல எழுத்து விழறதுக்கு ஒரு பூச்சு பூசியிருப்பாங்க. அதுலயும் பிளாஸ்டிக்ல சேர்க்கிற சரக்கு இருக்கலாம். பயப்படறதுக்குச் சொல்லல. சாப்பிடறதுக்கு முன்னாடி கையைக் கழுவிக்குங்க. சூடானதைப் பிளாஸ்டிக்ல போடாதீங்க. கொட்டகையில காத்து போக வர வழி பண்ணுங்க. இப்போதைக்கு நம்ம வேலை கட்டியை எடுக்கறது."

அன்றிலிருந்து அக்கா பணிமனைக் குழாயடியில் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார். கண்டக்டர்கள் கேலி செய்தார்கள். கொஞ்ச நாளில் குழாயடியில் வரிசை நின்றது.

ஆபரேஷனுக்குக் காத்திருந்த நாட்களில் அக்கா பிளாஸ்டிக் சுருள் விற்கிற கடைக்குப் போனார். நானும் போனேன். கடைக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"இதுல என்ன கலக்கிறாங்க?" என்று கேட்டார் அக்கா, ஒரு சுருளில் கையை வைத்து.

"கலப்படமே கிடையாதுக்கா. நம்பி வாங்கலாம்."

"அதைக் கேட்கல. இது மெத்துன்னு இருக்கறதுக்கு என்ன சேர்க்கிறாங்க?"

"அது கம்பெனிக்காரங்களுக்குத்தான் தெரியும். எல்லாரும் விக்கிறதைத்தான் நானும் விக்கிறேன்."

"பஸ்ல எல்லாருமே டிக்கெட் எடுக்கலன்னா அது ஏமாத்து இல்லைன்னு ஆயிடுமா?"

கடைக்காரர் சிரித்தார், ஆனால் கால்கள் நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. அக்கா அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நிறத்துக்கு ஒரு எண், கனத்துக்கு ஒரு எண். வேறொன்றும் இல்லை. அவருக்கும் உண்மையிலேயே தெரியாதோ என்னவோ. தெரிந்துகொள்ளாமல் இருப்பது அவருக்குச் சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான்.

நெட்டை ஆபரேஷன் செய்யும் நிலையைத் தாண்டிவிட்டிருந்தார். கவர்காரரின் ஆபரேஷனுக்கு முந்தின வாரம் இறந்துபோனார். சாவு வீட்டில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். "குடிதான். வேற என்ன? சொல்லச் சொல்லக் கேட்கல."

நெட்டையின் மனைவி உள்ளே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள், தன்னையே யாரோ பிடித்துவிட்டது போல. அக்கா வாசலுக்கு வந்தார்.

"அவர் குடிச்சார். யாரும் இல்லைன்னு சொல்லல. குடி கெடுக்கும், கெடுத்திருக்கும். ஆனா அது மட்டும்தான்னு உங்கள்ல யாரு உள்ள போய்ப் பார்த்தீங்க? இவ்வளவு வருஷம் அவர் என்ன வேலை பார்த்தார், எந்த ரூம்ல பார்த்தார், ஜன்னல் இருந்ததான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

ஒருவர் எழுந்து அக்காவுக்கு நாற்காலி கொடுத்தார். அக்கா உட்காரவில்லை.

கவர்காரருக்குக் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். மிச்சமிருப்பது வளர்ந்துகொள்ளும் என்று டாக்டர் சொன்னபோது, "நம்ம வீட்டுல ஒண்ணாவது சொன்னபடி வளரட்டும்" என்று மகளைப் பார்த்துச் சொன்னாராம், தையல் வலியோடு. மகளுக்கும் ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அந்த 'ஒன்றும் இல்லை'யை அக்கா மூன்று டாக்டரிடம் காட்டி மூன்று தடவை கேட்டுக்கொண்டார். இப்போதும் மகள் எங்கே போய் வந்தாலும், எதில் சாப்பிட்டாய், எதில் தண்ணீர் குடித்தாய் என்று விசாரணை நடக்கிறது. "அம்மா, மத்த அம்மாவெல்லாம் யார்கூடப் போனன்னு கேப்பாங்க. நீ எந்தப் பாட்டில் கூடப் போனன்னு கேக்கற" என்று அவள் என்னிடம் புலம்புகிறாள்.

கவர்காரர் தொழிலை விடவில்லை. அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். கொட்டகையின் இரண்டு பக்கச் சுவரை இடித்துக் கம்பிவலை போட்டிருக்கிறார்கள். புகையை வெளியே தள்ள ஒரு பெரிய விசிறி ஓடுகிறது. அவர் முகமூடி போட்டுக்கொண்டு பாதி நாள் ஒட்டுகிறார். மீதி நாள் துணியில் கவர் தைத்துப் பழகுகிறார், தையல் கோணலாகத்தான் வருகிறது. விசிறி தள்ளுகிற காற்று எங்கே போகிறது என்று அக்கா ஒருநாள் சந்து முழுக்க நடந்து பார்த்தார். அது பின்வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குப் போகிறது என்று கண்டுபிடித்து, குழாய் வைத்துக் கூரைக்கு மேலே உயர்த்தச் சொன்னார். உயர்த்தினார்கள். அப்புறம் எங்கே போகிறது என்று அவருக்கு இன்னமும் சந்தேகம்.

போன வாரம் மறுபடி ஸ்கேன் இருந்தது. நானும் துணைக்குப் போயிருந்தேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தார். புதிதாக எதுவும் இல்லை என்றார். கவர்காரர் கைகூப்பினார். அக்கா எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், காரணம் ஏதாவது தெரிஞ்சுதா?"

"தெரியலம்மா."

"அந்தப் பிளாஸ்டிக்தான்னு சொல்ல மாட்டீங்க."

"சொல்ல முடியாது."

"அது இல்லைன்னு?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதையும் என்னால சொல்ல முடியாது."

அக்கா தலையசைத்தார். அடுத்த ஸ்கேனுக்குத் தேதி கேட்டு வாங்கிக்கொண்டு, கணவரை நடக்கவிட்டு, அவருக்குப் பின்னாலேயே மாடிப்படி இறங்கினார்.